சாவி யாரிடம்?

சில மாதங்களுக்கு முன் டில்லியில் ஒரு நண்பரைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பதினோராவது மாடி. பேசிக்கொண்டிருந்தபோது காதைப் பிளக்கும் சத்தத்தில் அபாய மணி அடித்தது. நான் எழுந்துவிட்டேன். நண்பர் எழவில்லை. கூடத்தில் இருந்த ஐம்பது பேரில் நான்கைந்து பேர் தலையை நிமிர்த்தி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். மற்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதைப் பார்த்து மீண்டும் கணிப்பொறிக்குத் திரும்பினார்கள்.

"உட்காருங்கள். மாதம் ஒருமுறை இப்படித்தான் அடிக்கும். தானாக நின்றுவிடும்" என்றார் நண்பர்.

நின்றது. எனக்குத்தான் மனம் நிற்கவில்லை. விடைபெறும்போது லிஃப்டைத் தவிர்த்து, அவசர காலப் படிக்கட்டு எங்கே என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை. அந்த அலுவலகத்தில் அவருக்கு ஒன்பது வருட சர்வீஸ். பியூன் ஒருவர் வழி காட்டினார். ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்த கதவில் பூட்டு தொங்கியது. சாவி காவலாளியிடம். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். பத்து நிமிடம் கழித்து அவர் வந்து திறந்தபோது, படிகளில் பழைய ஃபைல் மூட்டைகளும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கப்பட்டிருந்தன. "திருட்டுப் பயம், அதனால் பூட்டிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் காவலாளி. ஒரு கார்பன் பிரதிகூடத் திருடு போகக் கூடாது என்று கவலைப்படும் நிர்வாகம், ஐம்பது உயிர்கள் வெளியேறும் வழியைப் பூட்டிவைத்திருந்தது.

நிலநடுக்க ஆபத்து கணிசமாக உள்ள நகரங்களில் டில்லி ஒன்று என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மின்விசிறி ஆடும். ஆளுக்கு ஆள் கைபேசியில் "உணர்ந்தாயா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அதோடு சரி.

இயற்கைச் சீற்றம் என்றால் நம் மனக்கண்ணில் வருவது கிராமம், குடிசை, மீனவர் குப்பம், ஹெலிகாப்டரிலிருந்து போடப்படும் உணவுப் பொட்டலம். அலுவலகமும் தொழிற்சாலையும் அந்தக் காட்சியில் வருவதில்லை. ஆனால் பேரிடர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை நாம் கழிப்பது வேலையிடத்தில். அங்கே வீட்டில் இல்லாத ஒரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று நாமே முடிவு செய்கிறோம். வேலையிடத்தில் வேறொருவர் முடிவு செய்கிறார், அல்லது யாருமே முடிவு செய்வதில்லை.

2005ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மும்பை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நகரத்தின் தென்முனையில் உள்ள கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் அன்றைய துயரத்தின் பெரும் பகுதி இருக்கிறது. நரிமன் பாயின்ட்டிலும் ஃபோர்ட் பகுதியிலும் இருந்த அதிகாரிகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மும்பைக்குப் பழக்கமான மழை. சில இடங்களில் கேள்வியே எழவில்லை. சில இடங்களில் நல்லெண்ணத்தோடு, "சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள்" என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பியது வடக்கே, குர்லாவையும் கலினாவையும் மூழ்கடித்துக்கொண்டிருந்த வெள்ளத்துக்குள்.

ரயில்கள் நின்றன. தொலைபேசிகள் திணறின. மிட்டி நதி கரை மீறியது. லட்சக்கணக்கானவர்கள் ரயில்களிலும் பஸ்களிலும் சிக்கினார்கள், அல்லது இடுப்பளவுத் தண்ணீரில் இரவு முழுவதும் நடந்தார்கள். வழிநெடுக முன்பின் தெரியாதவர்கள் வீட்டைத் திறந்து தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்ததை மும்பை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் காருக்குள்ளேயே, கதவும் கண்ணாடியும் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. அந்த மழையில் மகாராஷ்டிரத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர், இரவு அலுவலகத்திலேயே தங்கியிருந்தால் மறுநாள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

அன்று தேவைப்பட்டது வீரமல்ல. ஒருவர் தொலைபேசியை எடுத்து, ஊழியர்கள் போகும் திசையில் நிலைமை என்ன என்று விசாரித்திருக்க வேண்டும். பிறகு, "யாரும் கிளம்ப வேண்டாம், இரவு இங்கேயே தங்குகிறோம்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். சொன்ன பிறகு, தங்குபவர்களுக்குக் குடிநீர், சாப்பிட ஏதாவது, ஒரு டார்ச் லைட், நீரிழிவுக்காரர்களுக்கு மாத்திரை, பெண்களுக்குத் தனி அறை, சுத்தமான கழிப்பறை ஆகியவை இருந்திருக்க வேண்டும். ஒரு பீரோவில் அடங்கிவிடக்கூடிய சமாச்சாரம்.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி சில நேரங்களில் இதைவிடக் கொடூரமான பதிலைத் தருகிறது. 2021 மே மாதம் டாக்டே புயல் அரபிக்கடலில் வந்தது. வானிலைத் துறை பல நாட்கள் முன்பே எச்சரிக்கத் தொடங்கியிருந்தது. மீனவர்கள் கரைக்குத் திரும்பும்படி சொல்லப்பட்டார்கள். ஆனால் மும்பைக்கு மேற்கே எண்ணெய் வயல் பகுதியில் பி-305 என்ற மிதவைக் கப்பல் 261 பேருடன் கடலிலேயே இருந்தது. பணியாளர்கள் தங்குவதற்கான கப்பல் அது. தானாக ஓடும் இயந்திரம் கிடையாது. புயலில் நங்கூரங்கள் பிடிவிட்டன. கப்பல் அலைக்கழிந்து மே 17 அன்று மூழ்கியது. கடற்படைக் கப்பல்கள் பேயாட்டம் போட்ட கடலில் 180க்கும் மேற்பட்டோரை மீட்டது ஒரு சாகசம். இருந்தும் எழுபதுக்கும் அதிகமானோர் இறந்தனர். பின்னர் அரசு விசாரணைக் குழு அமைத்தது.

அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். வெல்டர், பிட்டர், சமையல்காரர். அவர்களும் கைபேசியில் புயல் செய்தி பார்த்திருப்பார்கள். பார்த்து என்ன செய்வது? கரைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. எச்சரிக்கை அனுப்புவதில் இந்தியா கடந்த இருபது ஆண்டுகளில் அசாத்தியமாக முன்னேறியிருக்கிறது. புயல் கரையைத் தொடுவதற்கு 72 மணி, 48 மணி, 24 மணி, 12 மணி நேரம் முன்பு என்று படிப்படியாக அறிவிப்புகள் வருகின்றன. அந்த அறிவிப்பு ஒரு நிறுவனத்தின் வாசலுக்கு வந்ததும், உள்ளே அதைப் பெற்றுக்கொண்டு செயல்பட ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

நம் நாட்டில் வேலையிடப் பாதுகாப்பு பற்றிய சட்டங்கள் ஒரு பெரும் விபத்தின் சாம்பலிலிருந்து எழுந்தவை. 1984இல் போபால். அதன் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான ஆலைகள் அவசர காலத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும், உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் அது சொன்னது. 1989இல் வந்த விதிகள் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்லின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. இவையெல்லாம் காகிதத்திலாவது இருக்கின்றன. ஆனால் ஒரு வங்கிக் கிளை, ஒரு கணக்காளர் அலுவலகம், நாற்பது தையல் மெஷின்கள் ஓடும் ஒரு மாடி, ஒரு கூரியர் கிடங்கு? தீயணைப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க எப்போதாவது ஒருவர் வரலாம். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க யாரும் வருவதில்லை.

தீ அணைப்பு ஒத்திகையே எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது தவறு. தீ என்றால் உடனே வெளியேற வேண்டும். நிலநடுக்கம் என்றால் ஆட்டம் நிற்கும்வரை ஓடக் கூடாது. உறுதியான மேஜைக்குக் கீழே புகுந்து, தலையை மறைத்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகு படிக்கட்டு வழியாக வெளியேறி, கட்டடத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும். வெள்ளம் என்றால் பெரும்பாலும் மேல் மாடிக்குப் போய் அங்கேயே இருப்பதுதான் உத்தமம். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே காரைத் தூக்கிவிடும். புயல் என்றால் முதல் நாளே விடுமுறை விட வேண்டும். விடாவிட்டால் உள்ளேயே இருக்க வேண்டும். நடுவே காற்று சட்டென்று ஓய்ந்தால் புயல் போய்விட்டது என்று அர்த்தமல்ல. புயலின் கண் மேலே இருக்கக்கூடும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். ஒரே மணி, ஒரே ஓட்டம் என்று பழக்கினால், நிலநடுக்கத்தின்போது ஐம்பது பேரும் ஆடும் படிக்கட்டில் நெரிந்துகொண்டிருப்பார்கள்.

பேரிடரின்போது ஒரு கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது, அதற்கு வெகு முன்பே எங்கே எதை வைத்தோம் என்பதில் முடிவாகிவிடுகிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், நிலநடுக்கம் ஏற்பட்டவுடன் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. அவசர ஜெனரேட்டர்களும் இயங்கத் தொடங்கின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்தன. சுனாமி வந்து அவற்றை மூழ்கடித்தது. மிச்சக் கதை உலகுக்குத் தெரியும். ஜப்பானே அப்படித்தான் என்றால் நம் ஊர் எப்படி என்று கேட்க வேண்டாம். நம் நகரங்களில் எத்தனையோ அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஜெனரேட்டரும் மின் பலகையும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கின்றன. மாடியில் இடம் விலை அதிகம் அல்லவா?

எந்த ஆபத்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தயாராக முடியும் என்பதில்லை. சென்னைக்கு அருகே கல்பாக்கத்தில் 2004இல் சுனாமி வந்தபோது அந்த வார்த்தையே நம்மில் பலருக்குப் புதிது. கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் பம்ப் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கிருந்தவர்களுக்குப் பாடம். இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. காரணம் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது கைக்குப் பழகியிருந்தது. அதே அலை அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் உயிர்களைப் பறித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலைக்குப் பயிற்சி இருந்தது. வீதிக்கு இல்லை.

சில நிறுவனங்கள் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்று ஒன்று வைத்திருக்கின்றன. நல்லது. பெங்களூரில் ஒரு சர்வர், புனேயில் இன்னொன்று, தகவல்களுக்கு மூன்று பிரதிகள். ஆனால் அந்தத் திட்டத்தில் மனிதர்களைத் தேட வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி 'தி இந்து' நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அது முதல்முறை. காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. நகருக்கு வெளியே மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. எவ்வளவு பெரிய நிறுவனமும் கடைசியில் ஒரு மனிதர் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து சேர்வதில் நிற்கிறது. அவர் வீடு மூழ்கியிருந்தால், அவர் குழந்தை மொட்டை மாடியில் நனைந்துகொண்டிருந்தால், அவர் வரமாட்டார். வரக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் வராதவருக்குச் சம்பளம் பிடிக்கப்படுமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, என் பார்வையில், எந்த ஒத்திகையையும்விட முக்கியமான ஏற்பாடு. ஒரு நாள் கூலியை இழக்கப் பயந்து வெள்ளத்தில் இறங்குபவர்கள் நம் நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் அசடர்கள் அல்லர். மாதக் கடைசியில் அரிசிக் கடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று முதலாளிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கட்டடத்தை பலப்படுத்துவது செலவுதான். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பூஜ் நகரின் அரசு மருத்துவமனை இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்கள் எங்கே போக வேண்டுமோ அந்த இடமே இல்லாமல் போனது. அதற்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய மருத்துவமனை, நிலத்தின் அதிர்ச்சியை உள்வாங்கும் சிறப்புத் தாங்கிகளின் மேல் எழுப்பப்பட்டது. அதற்குப் பணமும் நிபுணத்துவமும் தேவைப்பட்டன. ஆனால் செய்ய வேண்டியவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. உயரமான பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்குவதற்கு இரண்டு ஆணி. படிக்கட்டிலிருந்து குப்பையை அகற்ற ஒரு மதியப் பொழுது. மின்சாரத்தின் மெயின் சுவிட்ச் எங்கே என்று எல்லோருக்கும் காட்ட ஐந்து நிமிடம். எல்லோரும் வெளியே வந்தால் எந்த மரத்தடியில் கூடுவது என்று சொல்லிவைக்கக் காசு வேண்டாம். உள்ளூர் தொலைபேசிகள் முடங்கினால், வெளியூரில் உள்ள கிளையில் ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, குடும்பத்தினர் அவரிடம் விசாரித்துக்கொள்வது என்ற ஏற்பாட்டுக்கும் காசு வேண்டாம்.

விதியை யார் மாற்ற முடியும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒடிஷாவைக் காட்டலாம். 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதற்குப் பின் அந்த மாநிலம் புயல் காப்பகங்கள் கட்டியது, கிராமம் கிராமமாக ஆட்களைப் பழக்கியது. 2013இல் பைலின் வந்தபோதும் 2019இல் ஃபானி வந்தபோதும் பத்து லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். இரண்டு புயல்களிலும் அங்கே பலி நூறைத் தாண்டவில்லை. கடல் மாறவில்லை, காற்றும் குறையவில்லை. எந்த வீட்டுக் கதவை யார் தட்ட வேண்டும் என்பது மட்டும் முன்பே முடிவாகியிருந்தது. இந்தியாவின் ஏழை மாநிலங்களில் ஒன்று செய்துகாட்டியதை, கண்ணாடிக் கட்டடத்தில் குளிரூட்டப்பட்ட அறைகளில் இருப்பவர்களால் செய்ய முடியாது என்றால் நம்புவது கஷ்டம்.

டில்லி நண்பரிடம் அன்று நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். நிர்வாகத்திடம் நச்சரித்துப் படிக்கட்டைச் சுத்தம் செய்ய வைத்தாராம். பூட்டுக்குப் பதில் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை உண்மையாகவே ஒத்திகை நடந்தது. மேலதிகாரி உட்பட எல்லோரும் பதினோரு மாடியும் இறங்கினார்கள். சிலருக்கு மூட்டு வலித்தது, சிலர் சிரித்தார்கள். வேப்பமரத்தடியில் நின்று வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். கைதட்டல்.

"எல்லோரும் மேலே போனோம். பேன்ட்ரியில் அந்தப் பையன் டீ போட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்ததே, ஏன் வரவில்லை என்று கேட்டேன். 'அது உங்களுக்குத்தானே சாப்' என்றான்" என்றார் நண்பர்.

அவன் ஒப்பந்தக்காரரின் ஆள். பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. கழிப்பறை சுத்தம் செய்யும் இரண்டு பெண்களின் பெயரும் இல்லை. அன்று மாலையே நண்பர் தன் கையால் ஒரு புதிய பட்டியல் எழுதினார். அதைச் செய்யும்போதுதான், ஒன்பது வருடமாகத் தனக்குத் தினம் மூன்று வேளை டீ கொடுத்தவர்களில் ஒருவரின் பெயரும் தனக்குத் தெரியாது என்பது உறைத்ததாகச் சொன்னார்.

அந்தப் பட்டியலில் இப்போது அறுபத்தொரு பெயர்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் எத்தனை?